பழைய அச்சுப் புத்தகம்: ஓசிஆரில் ணை, லை, னை தவறாக வருகிறது

1950களில் அச்சான 240 பக்க நூலை ஓசிஆர் (ஸ்கேன் படத்திலுள்ள எழுத்தைப் படித்து உரையாக்குவது) செய்கிறேன். ஸ்கேன் 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி), கிரேஸ்கேல் (சாம்பல் சாயல்), டிஃப் படக் கோப்புகள். தாள் மெல்லியது என்பதால் பின்பக்க எழுத்து தெரியாமலிருக்கக் கறுப்பு அட்டை வைத்தே ஸ்கேன் செய்தது. (வெள்ளைத் தாள் வைத்தால் இன்னும் எடுப்பாகத் தெரியும்.) ஸ்கேன் டெய்லர் மென்பொருளில் பக்கக் கோணலும் சரிசெய்தாயிற்று.

சிக்கல் டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருளில்தான். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு. ணை, லை, ளை, னை தும்பிக்கை போன்ற வளைவோடும், ணா, றா, னா சுழித்த ஒற்றை வடிவிலும் இருப்பதால் வேறு எழுத்தாகப் படிக்கிறது. கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது மெய்ப்புள்ளி உதிர்ந்து 'க்' எல்லாம் 'க' ஆகிவிடுகிறது. கறுப்பையும் வெள்ளையையும் பிரிக்கும் அளவைத் தளர்த்தினால் தாளின் கறையெல்லாம் புள்ளியாகிறது! துணைக்காலும் 'ர'வும் மாறுவது வழக்கமான தொல்லை, அதைத் தேடி மாற்றிக்கொள்ளலாம்.

பழைய வடிவங்களைப் படிக்கப் பயிற்றுவித்த டெசராக்ட் தமிழ்க் கோப்பு யாரிடமாவது உண்டா? இல்லையென்றால், இருக்கும் கோப்பின் மேலேயே பயிற்றுவிக்கத் திருத்திய வரிகள் எத்தனை தேவைப்பட்டன? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். மாதிரிக்கு 3 பக்கம் இணைத்திருக்கிறேன்.