டயருக்கு நைட்ரஜனா, சும்மா காற்றா?

ஈசூன்_செல்வா:
டயர் மாற்றப் போன இடத்தில் நைட்ரஜன் போட நாலுக்கும் சேர்த்து 20 வெள்ளி கேட்டார்கள். பெட்ரோல் நிலையத்தில் காற்று சும்மாவே கிடைக்கிறது. அடிக்கடி காடியை எடுத்துக்கொண்டு ஈப்போவுக்கு மாமியார் வீட்டுக்குப் போவேன். காசு கொடுக்கலாமா?

கதிர்_பி:
வேண்டாம் அண்ணே. நாம் சுவாசிக்கிற காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான்.

பட்டறை_பாலு:
தம்பி கதிர், மிச்சம் 21 விழுக்காடு ஆக்சிஜன் இருக்கிறதே. ரப்பர் வழியாக முதலில் வெளியேறுவது அதுதான், கூடவே டயரின் உள்பக்கத்தையும் அரிக்கும். விமானச் சக்கரத்தில் ஏன் நைட்ரஜன் போடுகிறார்கள்? விளம்பரத்துக்கா? காக்கி புக்கிட்டில் இந்தத் தொழில்தான் செய்கிறேன், சும்மா சொல்லவில்லை.

கதிர்_பி:
விமானக் கதை வேறு. 1986இல் மெக்சிகோவில் ஒரு போயிங் 727 விழுந்து 167 பேர் இறந்தார்கள். சூடேறிய பிரேக் பக்கத்தில், காற்று அடைத்த டயர் வெடித்தது. அதன்பிறகுதான் பிரேக் உள்ள சக்கரங்களில் ஆக்சிஜன் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்காவில் விதி வந்தது. அது தீப்பிடிக்காமல் இருக்க. செல்வா அண்ணன் காடி சாங்கியில் தரையிறங்கப் போகிறதா?

பட்டறை_பாலு:
கிண்டல் இருக்கட்டும். கசிவுக்கு என்ன சொல்கிறீர்கள்? அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை 30 பிஎஸ்ஐ (டயர் அழுத்தத்தின் அலகு) அடித்து ஒரு வருடம் வைத்துப் பார்த்தது. காற்று அடைத்தவை சராசரியாக 3.5 இழந்தன, நைட்ரஜன் அடைத்தவை 2.2தான்.

கதிர்_பி:
வித்தியாசம் 1.3 பிஎஸ்ஐ. அதுவும் ஒரு முழு வருடத்துக்கு! நைட்ரஜன் போட்டாலும் இறங்கத்தான் செய்கிறது என்பதையும் அதே சோதனை காட்டுகிறது. போட்டாகிவிட்டது என்று அழுத்தமே பார்க்காமல் திரிகிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

பொங்கோல்_நித்யா:
வெயிலில் நைட்ரஜன் விரியாது என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லி விற்றிருக்கிறார்கள். அது உண்மையா?

கதிர்_பி:
இல்லை அக்கா. எந்த வாயுவும் சூட்டுக்கு ஏறும். 28 டிகிரியில் 32 பிஎஸ்ஐ அடித்த டயர், விரைவுச்சாலையில் ஓடி உள்ளே 55 டிகிரி ஆனால் 36 பக்கம் காட்டும். நைட்ரஜனிலும் அதே கணக்கு. அதனால் ஓட்டி வந்த சூட்டோடு பார்த்து, கூடுதலாக இருக்கிறதென்று காற்றை இறக்கிவிடாதீர்கள். ஆறியபின் குறைந்து நிற்கும்.

பட்டறை_பாலு:
உலர்ந்த காற்றுக்கு அந்தக் கணக்கு சரி. நம் ஊர் ஈரப்பதத்தை மறந்துவிட்டீர்கள். கம்ப்ரசர் தொட்டியில் தண்ணீர் சேரும், அதைத் திறந்து விடாவிட்டால் துளித்துளியாக டயருக்குள் போகும். சூடேறும்போது அது ஆவியாகி அழுத்தம் இன்னும் ஏறும். ரிம்மும் துருப்பிடிக்கும். நைட்ரஜன் உலர்ந்தே வருகிறது.

பொங்கோல்_நித்யா:
அப்படியானால் பிரச்சினை காற்றில் இல்லையே, தொட்டியைத் திறக்காதவரிடம்தானே?

கதிர்_பி:
அப்படிக் கேளுங்கள் அக்கா! இன்னொன்று: காற்றை இறக்கிய டயருக்குள்ளும் சாதாரணக் காற்று நிரம்பித்தான் இருக்கும். அதன்மேல் 95 விழுக்காடு தூய நைட்ரஜனை ஒரே தடவை 32 பிஎஸ்ஐ வரை அடித்தால், உள்ளே சேர்வது சுமார் 90 விழுக்காடுதான். இரண்டு மூன்று தரம் அடித்து இறக்கினால்தான் 95ஐ நெருங்கும். 20 வெள்ளிக்கு எத்தனை பேர் அவ்வளவு மெனக்கெடுவார்கள்?

பட்டறை_பாலு:
நான் செய்கிறேன். செய்யாதவர்களுக்கு நான் பொறுப்பில்லை. பந்தயக் காடி, அதிகம் ஓடாமல் நிறுத்தியே வைத்திருக்கும் காடி, இவற்றுக்கு நைட்ரஜன் நல்லதுதான் என்பதை நீங்களே மறுக்க மாட்டீர்கள்.

கதிர்_பி:
மறுக்கவில்லை. இவர் மாமியார் வீட்டுக்குப் போகிறவர்.

ஈசூன்_செல்வா:
நைட்ரஜன் போட்டுவிட்டு, வழியில் மலாக்கா பக்கம் அழுத்தம் இறங்கினால் சாதாரணக் காற்று கலக்கலாமா?

பட்டறை_பாலு:
தாராளமாக. ஒன்றும் ஆகாது, தூய்மைதான் குறையும். கம்மிக் காற்றோடு ஓட்டுவதுதான் ஆபத்து.

கதிர்_பி:
இதில் மட்டும் பாலு அண்ணனும் நானும் ஒரே கட்சி. செல்வா அண்ணே, அந்த 20 வெள்ளிக்கு ஒரு நல்ல அழுத்தமானி வாங்கிக் காடியில் போட்டு வையுங்கள். மாதம் ஒருமுறை, காலையில் எடுப்பதற்கு முன் பாருங்கள். அளவு ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். உபரி டயரையும் விட்டுவிடாதீர்கள்.

பட்டறை_பாலு:
வாங்கட்டும். ஆனால் எங்கள் கடைத் தொட்டியைத் தினமும் காலையில் திறந்து விடுகிறோம். உங்கள் இலவசக் காற்றுக்கு அதை யார் செய்கிறார்கள் என்று ஒருநாள் விசாரித்துவிட்டு வந்து எழுதுங்கள், தம்பி.