உதவி: அன்ரியல்ல கேரம் கேம் பண்றோம், ஆப்பிள் சண்டை திரும்ப வந்தா என்ன ஆகும்?

ராயபுரம்_ஸ்ட்ரைக்கர்:
அண்ணன்மாரே, கல்மண்டபம் பக்கத்துல மூணு பேரா ஒரு கேரம் கேம் பண்றோம். எபிக் கம்பெனியோட அன்ரியல் 4.27 எஞ்சின் (கேம் பண்ற மென்பொருள்), ஐபோன், ஆண்ட்ராய்டு ரெண்டுக்கும். பணம் போடுற பார்ட்டி நேத்து ஒப்பந்தத்துல ஒரு வரி சொருகிட்டார். எஞ்சின் கம்பெனிக்கும் ஸ்டோருக்கும் தகராறாகி கேம் நின்னா, அட்வான்ஸ் மொத்தத்தையும் திருப்பித் தரணுமாம். 2020 கதையை யாரோ ஓதியிருக்காங்க. நிஜமாவே நிக்குமா? பேசாம கோடாட்ங்கற வேற எஞ்சினுக்கு மாறிடவா?

பெரம்பூர்_பில்ட்:
அப்போ ஆப்பிள் ஸ்டோரை விட்டுப் போனது எபிக்கோட ஃபோர்ட்நைட் கேம்தான் தம்பி. ஆகஸ்ட் 13 எபிக் தன் சொந்த பேமெண்டை உள்ள நுழைச்சது, ஆப்பிள் அன்னைக்கே தூக்கிடுச்சு. அதோட விட்டிருந்தா நமக்கென்ன. 28ஆம் தேதியோட எபிக்கோட டெவலப்பர் கணக்குகளையே மூடிடுவோம்னு மிரட்டினாங்க, அது இல்லாம ஐபோனுக்கு எஞ்சினைத் தயார் பண்ண முடியாது, அங்கதான் அன்ரியலுக்கும் ஆபத்து வந்தது. தன்னோட ஃபோர்சா ஸ்ட்ரீட் கார் ரேஸ் கேமும் அதே எஞ்சின்ங்கறதால மைக்ரோசாஃப்ட்டே கோர்ட்ல எபிக்குக்கு ஆதரவா எழுதிக் கொடுத்தது. 24ஆம் தேதி நீதிபதி இவோன் கொன்சாலெஸ் ரோஜர்ஸ், "ஃபோர்ட்நைட்டைத் திரும்ப வைக்கச் சொல்ல முடியாது, ஆனா அன்ரியல் மேல கை வைக்கக் கூடாது"ங்கற மாதிரி உத்தரவு போட்டார். நாலு நாள்தான் மிச்சம். அன்னைக்கு நான் தூங்கல.

கொருக்குப்பேட்டை_கோடு:
பார்ட்டி குழப்பிக்கிறார். பில்ட் பண்ணின கேமுக்குள்ளயே எஞ்சின் இருக்கு, சண்டை வந்த மறுநாளே சாகாது. இடிக்கிறது அடுத்த அப்டேட்லதான். 2025 ஏப்ரல் 24லேர்ந்து எக்ஸ்கோடு (ஆப்பிளோட ஆப் பில்ட் பண்ற டூல்) 16லயோ அதுக்கு மேலயோ பில்ட் பண்ணாதான் வாங்குவோம்னு ஆப் ஸ்டோர் சொன்னது. இந்த மாதிரி மாத்தும்போதெல்லாம் எஞ்சின்காரன் கூடவே வரணும். அன்ரியலோட சோர்ஸ் கோடு கிட்ஹப் தளத்துல கிடைக்குது, நீ கட்டின வெர்ஷனை ஒரு காப்பி எடுத்து வை.

கோடாட் எம்.ஐ.டி. லைசென்ஸ், அதாவது யாரும் இலவசமா எடுத்துப் பயன்படுத்தலாம், யாரும் பிடுங்க முடியாது. யூனிட்டின்னு இன்னொரு எஞ்சின் 2023 செப்டம்பர்ல இன்ஸ்டாலுக்குக் காசுன்னு சொல்லிட்டு, ஒரு வருஷம் கழிச்சுக் கைவிட்டதே, அந்த வயித்தெரிச்சல் இருக்காது. ஆனா பாதி வேலையில எஞ்சின் மாத்தாதே.

ராயபுரம்_ஸ்ட்ரைக்கர்:
மாத்துறதுக்கே பயம்ணா. போன மாசம் அன்ரியல் 5ல திறந்து பார்த்தோம். ஸ்ட்ரைக்கர் கட்டையில பட்டுத் திரும்புற கோணமே வேற மாதிரி. ரிபவுண்ட்ல சிகப்பு விழவே மாட்டேங்குது.

கொருக்குப்பேட்டை_கோடு:
அதான் உன் நிஜப் பிரச்சினை! மோதல் கணக்குப் போடுற பகுதி 4ல பிசிக்ஸ்எக்ஸ், 5ல கேயாஸ். ஒரே கம்பெனிக்குள்ளயே ஆட்டம் மாறிடுச்சு பாரு. கேரம்ல என்ன இருக்கு? 19 காய், ஒரு ஸ்ட்ரைக்கர், மொத்தம் 20 வட்டம். வட்டமும் வட்டமும் மோதுறது, வட்டம் கட்டையில மோதுறது, உராய்வு, பாக்கெட். ஸ்ட்ரைக்கர் 15 கிராம், காய் 5 கிராம்னு எடை போடு. இதை சி++ மொழியில நீயே எழுது, எஞ்சின் வெறும் படம் வரையட்டும். நாளைக்கு எங்க போனாலும் ஆட்டம் உன்கூட வரும்.

பெரம்பூர்_பில்ட்:
அந்த வரியில அப்படியே கையெழுத்துப் போடாதே. அப்டேட் தாமதமானா எத்தனை நாள் டைம்னு மட்டும் எழுதச் சொல்லு. அட்வான்ஸைத் திருப்பறதெல்லாம் கூடாது.

ராயபுரம்_ஸ்ட்ரைக்கர்:
பதினொரு நாள் ஆச்சு, அப்டேட். பார்ட்டி 90 நாளுக்கு ஒத்துக்கிட்டார். பிசிக்ஸை நாங்களே எழுதிட்டோம், 4லயும் 5லயும் ஒரே மாதிரி திரும்புது. எங்க கிளப் பெரியவர்கிட்ட போனைக் கொடுத்தேன். நாலு கட் அடிச்சார், போனை டேபிள்ல வச்சார், "போர்டுல பவுடர் பத்தலடா"ன்னார். உராய்வைக் குறைச்சிட்டு இருக்கேன்.