பேக்சேனலுக்குத் தமிழ்: ‘உம்கொட்டு’ என்று முன்மொழிகிறேன்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒருவர் பேசும்போது கேட்பவர் நடுநடுவே போடும் “ம்”, “சரி” போன்றவற்றை ஆங்கிலத்தில் பேக்சேனல் என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்கும் இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன். பின்வழி, பின்தடம், ஒத்தொலி, கேட்பொலி என்று நான்கு சொற்கள் வந்துவிட்டன. என்னுடையது ஐந்தாவது: உம்கொட்டு. இது என் அன்றாட வேலையில் இடிக்கிற விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் பெங்களூரு மாரத்தஹள்ளியில் பேச்சுத் தரவு வேலை பார்க்கிறேன். தமிழ்த் தொலைபேசி உரையாடல்களைக் கேட்டு, யார் எப்போது பேசினார், யார் குறுக்கிட்டார் என்று குறியிடுவது வேலை. போன மாதம் ஒரு குரல் பாட் (தொலைபேசியில் தானாகப் பேசும் கணினி நிரல்) சோதனையின் பதிவு வந்தது. பாட் தவணைத் தேதியைச் சொல்ல ஆரம்பிக்கிறது. எதிர்முனையில் இருக்கும் பெரியவர் “ம்” என்கிறார். பாட் சட்டென்று நிறுத்தி, “சொல்லுங்கள்” என்கிறது. “நீங்க சொல்லுங்கம்மா” என்கிறார் அவர். பாட் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. அவர் மறுபடி “ம்”. ஆறு முறை இப்படியே போய், கடைசியில் அவர் போனை வைத்துவிட்டார். தேதி அவரிடம் போய்ச் சேரவே இல்லை.

காரணத்தைத் தேடியபோது அது எங்கள் குறியீட்டிலேயே இருந்தது. குறியிடும் கையேட்டில் பேக்சேனலுக்கென்றே ‘பின்வழிச் செய்தி’ என்று ஒரு வகை உண்டு. அது எதற்கு என்று எங்களில் பாதிப் பேருக்குப் புரியவில்லை. கேட்பவர் போட்ட “ம்” எல்லாவற்றையும் ‘குறுக்கீடு’ என்று குறித்திருந்தோம். அந்தத் தரவைப் படித்த பாட், “ம்” கேட்டால் பேச்சை நிறுத்தத்தானே செய்யும்?

> பின்வழி மூலச்சொல்லுக்கு நெருக்கமாக இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமே.

ஐயா, மூலச்சொல் யாருடையது என்று பாருங்கள். 1970இல் விக்டர் இங்வே தந்தது. இயற்பியல் படித்து, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இயந்திர மொழிபெயர்ப்பில் உழைத்தவர் அவர். பேச்சைத் தகவல் ஓடும் தடமாகப் பார்ப்பது அவருக்கு இயல்பு. பேசுகிறவர் தான் பேசும் வாய்ப்பை விட்டுக்கொடுக்காமலே, கேட்கிறவரிடமிருந்து சின்னச் சின்னச் செய்திகளைப் பெறுகிறார். அது வரும் தடம்தான் பேக்சேனல். அவருடைய பார்வையில் அது நல்ல சொல். தமிழில் ‘பின்வழி’ என்றால் கொல்லைப்புற வாசல்தான் நினைவுக்கு வருகிறது. ஆங்கிலத்திலேயே அந்தச் சொல் இரண்டு நாடுகள் ரகசியமாகப் பேசிக்கொள்வதற்கும் வருகிறது. அந்தக் குழப்பத்தையும் சேர்த்து நாம் ஏன் இறக்குமதி செய்யவேண்டும்?

ஜப்பானியர்கள் இதை ‘ஐசுச்சி’ என்கிறார்கள். கொல்லன் பட்டறையில் ஆசான் ஒரு அடி, எதிரே நிற்பவர் ஒரு அடி என்று மாறி மாறிச் சம்மட்டி போடுவதிலிருந்து வந்த சொல். பேசுகிறவரும் கேட்கிறவரும் சேர்ந்து அடித்தால்தான் பேச்சு உருவாகும் என்ற எண்ணம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு உடனே நினைவுக்கு வந்தது நம் ‘கொட்டு’. அதுவும் அடிதானே! கதை கேட்கிற பிள்ளையிடம் “உம் கொட்டிக்கிட்டே கேளு, இல்லேன்னா நிறுத்திடுவேன்” என்று சொல்லாத வீடு உண்டா? ஆராய்ச்சியாளர்கள் பெயர் தேடிய பொருளுக்கு நம் வீடுகளில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது.

நம் ஊரில் மட்டும் இல்லை. அலுவலகத்தில் தேநீர் நேரத்தில் கேட்டுப் பார்த்தேன். துமகூருக்காரர் கன்னடத்தில் ‘ஹூங்குட்டோது’ என்றார். அனந்தபூர்க்காரர் தெலுங்கில் ‘ஊ கொட்டடம்’ என்றார். மூன்று மொழிக்காரர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே சொல்லைச் சொல்லிச் சிரித்தோம். பக்கத்து மேசையில் கன்னடத் தரவைக் குறியிடுகிறவர்களோடு வேலையை ஒப்பிடும்போது இந்த ஒற்றுமை பெரிய வசதி.

> ஒத்தொலி என்றால் சுருக்கமாக, அழகாக இருக்கிறது.

அழகுதான், ஆனால் ‘ஒத்து ஊதுவது’ என்ற வசை கூடவே வந்துவிடும். கேட்பவரின் சின்னச் சொற்களுக்குத் தமிழில் இருக்கும் பெயர்கள் பலவும் இப்படித்தான்: ஜால்ரா, ஆமாம் சாமி, பின்பாட்டு. எல்லாவற்றிலும் ‘இவன் சும்மா ஒப்புக்கொள்கிறான்’ என்ற குற்றச்சாட்டு உண்டு. உம் கொட்டுவது ஒப்புதல் இல்லை. நீங்கள் சொல்வதைக் கேட்கிறேன், மேலே போகலாம் என்பது மட்டும்தான். வில்லுப்பாட்டில் பக்கத்தில் இருப்பவர் “ஆமா” போடுகிறாரே, அங்கே அவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. கதையை நகர்த்துகிறார்.

இதில் நம் இலக்கணக்காரர்கள் எவ்வளவு கவனமாக இருந்தார்கள் என்று பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. தொல்காப்பியம் இடையியலில் ஆக, ஆகல், என்பது என்ற மூன்றும் பிரிவில் அசைநிலை (தனிப்பொருள் இல்லாமல் பேச்சில் வரும் சொல்) என்று வருகிறது. இவை தனியாக வராது, இரட்டித்தே வரும். சேனாவரையர் உரையில் இது உரையாடலாகவே விரிகிறது. ஒருவர் ‘நான் இப்படிப்பட்டவன்’ என்றோ ‘அவன் இப்படிப்பட்டவன்’ என்றோ சொல்ல, கேட்டவர் “ஆக ஆக” என்பார். உடன்படாதபோதும் அது வரும், அக்கறை இல்லாதபோதும் வரும். “என்பது என்பது” என்பதோ நன்றாகச் சொன்னதற்கும் வரும், இகழ்வதற்கும் வரும். ஒலிப்பதிவுக் கருவி இல்லாத காலத்தில், கேட்கிறவர் வாயிலிருந்து வருவதை இப்படிப் பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். நம் தொலைபேசிப் பதிவுகளில் வரும் “சரி சரி”யை ஒருமுறை கேட்டுப்பாருங்கள். பாதி இடங்களில் அது “போதும், விடு” என்பதுதான்.

> நாளை இதிலேயே உள்வகை பிரிக்கவேண்டி வந்தால்?

பிரிக்கலாம். 1982இல் உரையாடல் ஆய்வாளர் இமானுவேல் ஷெக்லாஃப் ‘மேலே சொல்’ என்ற வகையைத் தனியாக எடுத்துக் காட்டினார். அது தொடர் உம்கொட்டு: ம், சரி, அப்புறம்? இன்னொன்று, சொல்லப்பட்ட செய்திக்கே பதிலாக வருவது: அடப்பாவமே, அய்யய்யோ, அப்படியா! அது உணர்வு உம்கொட்டு. நாம் ‘உச்சுக் கொட்டுவது’ இந்த இரண்டாம் வகை. பாருங்கள், அங்கேயும் கொட்டுதான்.

இந்தப் பிரிவு வெறும் ஏட்டுப் பிரிவு இல்லை. 2000இல் கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஜேனட் பாவெலாஸின் குழு ஒரு சோதனை செய்தது. ஒருவர், தான் மயிரிழையில் தப்பிய கதையைச் சொல்லவேண்டும். கேட்பவருக்கோ ரகசியமாக ஒரு வேலை: ‘t’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் சொல் வரும்போதெல்லாம் பொத்தானை அழுத்தவேண்டும். கவனம் எழுத்தில் போனதும் கேட்பவரின் உணர்வு உம்கொட்டுகள் வறண்டுபோயின. கதை சொன்னவரும் தடுமாறினார், குறிப்பாக முடிவை ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. கதை கெட்டதற்குக் காரணம் எதிரே உட்கார்ந்திருந்தவர். பிள்ளை உம் கொட்டாவிட்டால் பாட்டி கதையை நிறுத்துகிறாள் என்றால், அது கோபத்தினால் மட்டும் இல்லை.

இப்படிப்பட்ட பேச்சுச் சொல் ‘கொச்சையாக இருக்கிறது’ என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் கேட்பவர் வாய் திறக்காமல் தலையை மட்டும் அசைத்தால் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. ஒலியே இல்லாதபோது ‘உம்’ எங்கே? ஜப்பானியர்கள் தலையசைப்பையும் ஐசுச்சியில்தான் சேர்க்கிறார்கள், அங்கே சம்மட்டியும் இல்லை. நாமும் ‘வாயில்லா உம்கொட்டு’ என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். காணொளித் தரவில் வேலை செய்பவர்கள் சொன்னால் மாற்றிக்கொள்கிறேன்.

எழுத்துமுறை: ‘ம்கொட்டு’ வேண்டாம், மெய்யெழுத்தில் சொல் தொடங்கக் கூடாது. புணர்ச்சிப்படி ‘உங்கொட்டு’ என்று வரும். ஆனால் அதில் அந்த “உம்” காதுக்குக் கேட்பதில்லை, ‘உன் கொட்டு’ என்றும் படிக்கத் தோன்றுகிறது. அதனால் உம்கொட்டு. பன்மை உம்கொட்டுகள், வினை உம்கொட்டினார், ஆள் உம்கொட்டுநர்.

வியாழக்கிழமை கையேட்டின் புதிய பிரதியை அனுப்பவேண்டும். அதற்குள் இன்னொன்று தெரிந்தால் உதவியாக இருக்கும்: யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இதற்கு என்ன சொல்கிறார்கள்? கன்னியாகுமரிப் பக்கம் மலையாளம் போல ‘மூளுவது’ என்று உண்டா?