வீடு ஏலத்துக்குப் போகாமல் தடுக்க வழி சொல்லுங்கள்

வக்கீல் அண்ணாச்சிமாருக்கு வணக்கம். அப்பா கடை வைக்க எங்கள் பாளையங்கோட்டை வீட்டை அடமானம் வைத்து வங்கியில் கடன் வாங்கினார். அவர் படுத்த பிறகு தவணை நின்றுவிட்டது. கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை வங்கி எடுத்துக்கொள்ள இடம் தரும் சர்ஃபேசி சட்டப்படி வந்த 60 நாள் நோட்டீஸும் முடிந்து, போன செவ்வாய்க்கிழமை வீட்டை வங்கி தன் வசம் எடுத்துக்கொண்டதாகச் சொல்லும் சுவாதீன அறிவிப்பைக் கதவில் ஒட்டிவிட்டார்கள். பசை வழிந்து வாசல் கோலத்தில் சொட்டியிருந்தது. அம்மா அன்று அடுப்பே பற்றவைக்கவில்லை.

மதுரை கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் 45 நாளுக்குள் மனு போட வேண்டும், அதில் ஒரு வாரம் ஓடிவிட்டது. தடை கேட்டால் முதலில் எவ்வளவு கட்டச் சொல்வார்கள்? ‘மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிடு’, அதாவது கடனைக் கட்ட வழியில்லை, திவால் என்று சொல்லிவிடு என்கிறார் பெரியப்பா. அடமானத்தில் இருக்கும் வீட்டை அது காப்பாற்றுமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

நெல்லை, தென்காசிப் பக்கம் இப்படி வழக்கு நடத்தியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். பத்திர நகல், கடன் கணக்கு எல்லாம் கையில் இருக்கிறது. இன்றே புறப்பட்டு வருகிறேன்.