1970 ரோடு ரன்னர் 440 சிக்ஸ் பேரல்: ஓரத்துக் கார்புரேட்டர்கள் திறக்கவில்லை, உதவி தேவை

கேள்வி:
என்னிடம் 1970ஆம் ஆண்டின் பிளிமத் ரோடு ரன்னர் இருக்கிறது. தொழிற்சாலை தந்த வண்டி அடையாள எண்ணின் (VIN) ஐந்தாவது எழுத்து V என்பதால், 440 கன அங்குல எஞ்சினும் தலா இரண்டு பேரல் (காற்று பாயும் துளை) கொண்ட மூன்று ஹோலி கார்புரேட்டர்களும், அதாவது சிக்ஸ் பேரல் அமைப்பும், தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டவை என்பதில் ஐயமில்லை. மெதுவாக ஓட்டும்போது குறை எதுவும் தெரியவில்லை. ஆனால், நெடுஞ்சாலையில் ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தால் சத்தம் கூடுகிறதே தவிர, இந்த வண்டிக்குப் பெயர் வாங்கித் தந்த அந்த இழுவை வருவதில்லை. நியூட்ரலில் வைத்து முறுக்கிப் பார்த்தபோதும் முன்னும் பின்னும் உள்ள இரண்டு கார்புரேட்டர்கள் அசையவே இல்லை. மூன்றையும் கழற்றிவிட்டு ஒரே ஒரு நான்கு பேரல் கார்புரேட்டரைப் போட்டுவிடலாம் என்கிறார் மெக்கானிக். எனக்கு அதில் துளியும் விருப்பமில்லை. எதை முதலில் சோதிக்க வேண்டும்?

மறுமொழி 1:
தயவுசெய்து கழற்ற விடாதீர்கள். ஆக்சிலரேட்டர் நேரடியாக இழுப்பது நடுக் கார்புரேட்டரை மட்டுமே. அதன் தொண்டைப் பகுதியில் காற்று வேகமாகப் பாயும்போது உண்டாகும் வேக்குவம் (உறிஞ்சுவிசை), குழாய்கள் வழியாக ஓரத்து டயாஃப்ரம்களை (மெல்லிய சவ்வுகளை) இழுத்து மற்ற இரண்டையும் திறக்கிறது. எஞ்சினுக்குச் சுமை இல்லாதபோது அந்த அளவுக்குக் காற்று பாயாது என்பதால், நியூட்ரலில் அவை திறக்காதது கோளாறே அல்ல. ஓடும்போது திறக்கின்றனவா என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. டயாஃப்ரம் தண்டில் ஒரு பேப்பர் கிளிப்பை மாட்டி, மேலுள்ள கூட்டை ஒட்டி நிற்கும்படி தள்ளி வையுங்கள். ஆளில்லாத நேரான சாலையில் ஒருமுறை முழுவதும் மிதித்து ஓட்டிவிட்டு வந்து பாருங்கள்: தண்டு மேலே ஏறியிருந்தால் கிளிப் கீழே இறங்கியிருக்கும், ஏறவில்லையென்றால் வைத்த இடத்திலேயே இருக்கும்.

மறுமொழி 2:
கிளிப் இறங்காவிட்டால், எஞ்சினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு டயாஃப்ரமாகப் பாருங்கள். குழாயைக் கழற்றி, தண்டைக் கையால் மேலே தள்ளி, குழாய் மாட்டும் துளையை விரலால் அடைத்தபடி தண்டை விட்டுவிடுங்கள். நல்ல டயாஃப்ரம் அப்படியே பிடித்து நிற்கும், கிழிந்தது உடனே கீழே இறங்கிவிடும். டயாஃப்ரமில் குறை இல்லையென்றால் குழாய்களில் வெடிப்பு இருக்கிறதா, த்ராட்டில் தண்டு பிசினேறி இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மென்மையாகவே ஓட்டப்படும் வண்டிகளில் ஓரத்துக் கார்புரேட்டர்களுக்கு வேலை குறைவு என்பதால், அவற்றில் பெட்ரோல் தேங்கிப் பிசின் படிவது வழக்கம்.

மறுமொழி 3:
மாற்ற வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதே வண்டிக்குக் கிடைத்த இன்னோர் எஞ்சினான 426 ஹெமிக்கு 425 குதிரைத்திறன், உங்களுடையதற்கு 390 என்பதை மட்டும் பார்ப்பவர்கள் முறுக்குவிசையைக் கவனிப்பதில்லை. இரண்டுக்குமே அது 490 பவுண்டு-அடிதான். ஹெமி அதை நிமிடத்துக்கு 4,000 சுற்றில் தருகிறது, 440 சிக்ஸ் பேரலோ 3,200 சுற்றிலேயே தந்துவிடுகிறது. சிக்னலில் இருந்து புறப்படும் தெருவோட்டத்தில் அந்த வித்தியாசம் பெரியது, அதுவும் ஹெமியின் விலையில் பாதிகூட இல்லாத தொகைக்கு! 1969இன் நடுவில் இந்த எஞ்சின் முதலில் வந்தபோது, கறுப்பு நிற ஃபைபர்கிளாஸ் பானெட்டுக்குக் கீல்கூடக் கிடையாது. நான்கு பின்களை எடுத்துவிட்டு அப்படியே தூக்கி இறக்க வேண்டும். சக்கரங்களுக்கு மூடியும் இல்லை. தேவையற்ற அனைத்தையும் விலக்கிவிட்டு ஓட்டத்துக்காக மட்டுமே கட்டிய அந்த வண்டியை நான் இன்றும் மனதார விரும்புகிறேன். உங்கள் வண்டியில் ஏர் கிராபர், அதாவது எஞ்சினுக்கு வெளிக்காற்றை எடுக்க பானெட்டில் எழும்பும் மூடி, இருக்கிறதா?

கேட்டவர்:
இருக்கிறது. டேஷ்போர்டுக்குக் கீழுள்ள சுவிட்சைத் தட்டினால், பக்கவாட்டில் சுறாப் பற்கள் வரைந்த அந்த மூடி பானெட்டிலிருந்து எழும்புகிறது, ஆனால் பாதியிலேயே நின்றுவிடுகிறது. நீங்கள் சொன்னபடி சோதித்ததில், இரண்டு கிளிப்களும் வைத்த இடத்திலேயே இருந்தன. பின் டயாஃப்ரம் விரலை வைத்தும் நிற்கவில்லை. முன்னது நின்றது, ஆனால் இரண்டையும் இணைக்கும் ரப்பர் குழாய் முனையில் பிளந்திருந்தது. டயாஃப்ரமையும் குழாய்களையும் மாற்றியபின் இரண்டு கிளிப்களும் நன்றாகவே இறங்குகின்றன. மூன்றாவது கியரில் மிதித்தால், ஒரு நொடியில் எஞ்சினின் குரல் கனத்து, முதுகு இருக்கையோடு அழுந்துகிறது. மிக்க நன்றி.

மறுமொழி 2:
மகிழ்ச்சி. ஏர் கிராபரும் வேக்குவத்தால் இயங்குவதுதான். சுவிட்சிலிருந்து பானெட்டுக்குப் போகும் குழாய்களும் அதே வயதுடையவை என்பதால், அடுத்து அவற்றை மாற்றிப் பாருங்கள்.