உடன் வேலை செய்பவர்கள் சுணங்கும்போது

கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மாதக் கடைசியில் வங்கிக் கணக்குகளைச் சரிபார்ப்பது நான்கு பேருக்கும் பொதுவான வேலை. ஆனாலும் கோப்புகள் எப்படியோ என் மேசைக்கே வந்து சேரும். மற்ற மூவரும் நல்லவர்கள்தாம். மாலை நெருங்கினால் "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் சார்" என்பார்கள், அவ்வளவுதான். வேலை கூடியதுகூட எனக்கு உறுத்தவில்லை. 'இவர் இருக்கிறார், செய்துவிடுவார்' என்ற அவர்களுடைய நிம்மதிதான் உறுத்தியது. நாமும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் என்ன என்று தோன்றிவிடும். நார்பர்ட் கெர் என்ற உளவியலாளர் 1983இல் இதை ஆய்வு செய்திருக்கிறார்: திறமையிருந்தும் கூட்டாளி உழைக்கவில்லை என்று கண்டவர்கள், தாங்கள் மட்டும் ஏமாளியாவானேன் என்று தங்கள் உழைப்பையும் குறைத்துக்கொண்டார்கள்.

மேலாளரிடம் யாரைப் பற்றியும் குறை சொல்லவில்லை. எந்தக் கணக்கு யாருடையது என்று பெயர் போட்டுப் பிரித்துத் தாருங்கள் என்று மட்டும் கேட்டேன். மூவரில் ஒருவர் சுறுசுறுப்பானார். மற்ற இருவரும் பழையபடிதான். ஆனால் அவர்களுடைய கோப்பு இப்போது என் மேசையில் இல்லை, கோபமும் பாதி இறங்கிவிட்டது.

*

பெயர் போடுவது பலிக்கும் ஐயா. கயிறு இழுக்கும் ஆட்கள் கூடக் கூட, ஒவ்வொருவரும் இழுக்கும் விசை குறைகிறது என்று பிரான்சு நாட்டு வேளாண் பொறியாளர் ரிங்கெல்மன் 1913இலேயே எழுதிவிட்டார். பிற்பாடு, 1981இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கூட்டமாகக் கத்தினாலும் அவரவர் சத்தம் தனியே அளக்கப்படும் என்று சொன்னதும் அந்தச் சுணக்கம் மறைந்தது.

எங்கள் ஆய்வகத்தில் மாதிரிகளை அப்படிப் பங்கு போட முடியாது. ஆகவே நான் இடத்தை மாற்றிக்கொண்டேன்: எங்களில் மிக வேகமாக வேலை செய்யும் அம்மாவின் பார்வை படும் மேசைக்கு. அமெரிக்கப் பல்பொருள் அங்காடித் தொடர் ஒன்றின் காசாளர்களை ஆராய்ந்த பொருளியலாளர்கள் மாஸ், மொரெட்டி இருவரும் 2009இல் சொன்னது இதுதான்: வேகமான ஊழியர் மற்றவர்களைப் பார்க்கும் இடத்தில் இருந்தால் அவர்களின் கையும் வேகமெடுக்கிறது. அந்த அம்மா என்னிடம் அதிகம் பேசுவதுகூட இல்லை.

*

நீங்கள் இருவரும் கொடுத்துவைத்தவர்கள். எங்கள் மேலதிகாரிக்குச் சுணங்குபவரிடம் பேசுவதைவிட என்னிடம் இன்னொரு வேலையைத் தருவது எளிது. "உங்களால்தான் இதை நேரத்துக்கு முடிக்க முடியும்" என்று பாராட்டு வேறு! அந்தப் பாராட்டைக் கேட்டாலே எனக்குப் பயம். இப்போதெல்லாம் புது வேலை வந்ததும், "கையில் இருப்பதில் எதை நிறுத்திவைக்கட்டும்?" என்று கேட்டுவிடுகிறேன். அவர் முகம் சுருங்கும். சுருங்கட்டும். கடைசியாக வந்த அறிக்கை வேலை அப்படித்தான் பக்கத்து மேசைக்குப் போனது. அது இன்னும் முடியவில்லை. விசாரித்து வந்தவரிடம், அது யாரிடம் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.