வெனிலா மணம் ஓவனில் பறந்துவிடுமா?

அடுமனைவாசி: “கேக்கில் செயற்கை வெனிலா எசென்ஸ் ஊற்றுபவர்களுக்கு நாக்கு செத்துவிட்டது” என்று மலைத்தோட்டம் ஐயா நேற்று எழுதியதைப் படித்தபின் சும்மா இருக்க முடியவில்லை. வெனிலாக் காயின் அசல் சாற்றில் உள்ள நூற்றுக்கும் மேற்பட்ட மணப்பொருள்களில் பெரும்பகுதி ஓவன் சூட்டிலேயே பறந்துவிடுகிறது. நிற்பது வெனிலின் என்ற முதன்மை மணப்பொருள், அதுதான் மலிவான எசென்ஸிலும் இருக்கிறது. பறந்துபோகும் மணத்துக்கு அத்தனை பணம் எதற்கு?

மலைத்தோட்டம்: பறந்துவிடுமாம்! வெனிலினின் கொதிநிலை 285 டிகிரி. கேக்கின் நடுப்பகுதியோ வெந்து முடியும்போதுகூட 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. அடுமனை நடத்துபவருக்கு இதையும் நான்தான் சொல்லித்தர வேண்டுமா?

அடுமனைவாசி: கொதித்தால்தான் ஆவியாகும் என்றால், கொடியில் போட்ட துணி எப்படி ஐயா காய்கிறது? கேக் வேகும்போது தெருமுனை வரை மணக்கிறதே, அது கேக்கை விட்டு வெளியேறிய மணம்தானே? மேலும், பறப்பதாக நான் சொன்னது வெனிலினை அல்ல, மற்றவற்றை. வாசித்துவிட்டு எழுதுங்கள்.

தேன்குழல்: எதைச் சாறு, எதை எசென்ஸ் என்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்களேன். அமெரிக்க விதிப்படி சாறு என்றால் லிட்டருக்கு ஏறத்தாழ 100 கிராம் காயும், குறைந்தது 35 விழுக்காடு ஆல்கஹாலும் இருக்க வேண்டும்.

அடுமனைவாசி: விதி கிடக்கட்டும் அக்கா, மணம் பறக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. 1874-இல் ஜெர்மனியில் வேதியியலாளர்கள் டீமனும் ஹார்மனும் ஊசியிலை மரப் பொருளிலிருந்து உண்டாக்கிய வெனிலினும் காயிலுள்ள வெனிலினும் ஒரே மூலக்கூறுதான்.

மலைத்தோட்டம்: ஒன்றே என்றால் கஸ்டர்டில் ஏன் வேறுபாடு தெரிகிறது?

அடுமனைவாசி: கஸ்டர்டைப் பற்றி இங்கே யார் பேசினார்கள்? கேக்கின் மேற்புறம் பழுப்பாகும் அளவுக்கு அங்கே சூடு 100 டிகிரியைத் தாண்டுகிறது. அதற்குப் பதில் இல்லாததால் கஸ்டர்டுக்குத் தாவுகிறீர்கள். வெண்ணெயா வனஸ்பதியா என்ற வழக்கிலும் நீங்கள் பாதியில் தடம் மாறியவர்தான்.

மலைத்தோட்டம்: வனஸ்பதிக்கு வக்காலத்து வாங்கியவர் என்னைக் குறை சொல்வதா? வெனிலாக் கொடி வளர்த்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். காலையில் விரியும் பூ அன்றே வாடிவிடும். அதற்குள் ஒவ்வொரு பூவிலும் குச்சியால் மென்படலத்தை விலக்கி, மகரந்தத்தைக் கையாலேயே சேர்க்க வேண்டும். காய் முற்ற எட்டொன்பது மாதம், பதப்படுத்த இன்னும் சில மாதம். 2000-களின் தொடக்கத்தில் விலையை நம்பிக் கேரளத்தில் கொடி வைத்தவர்கள், விலை விழுந்ததும் அதைப் பிடுங்கி எறிந்தார்கள். எல்லாம் உங்களைப் போன்ற எசென்ஸ் பக்தர்களால்!

அடுமனைவாசி: வெனிலா மிகுதியாக விளையும் மடகாஸ்கர் தீவில், புயலில் அடிபட்ட விளைச்சல் மீண்டதால் சரிந்த விலைக்கு என் எசென்ஸ் புட்டியா பொறுப்பு? உங்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் மணத்தைக் கேக்குக்குள் அது கட்டிப்போடாது.

தேன்குழல்: நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

மலைத்தோட்டம்: 285 டிகிரி. அதைத் தாண்டிவிட்டுப் பேசட்டும்.

அடுமனைவாசி: தாண்டியாயிற்று. மேலே போய்ப் படியுங்கள், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு.